750 பிரதிகள்

1853இல் லண்டனில் ரீவ் என்ற பதிப்பகம் ஒரு பயண நூலை வெளியிட்டது. அச்சிட்டது 750 பிரதிகள். லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தம். நூலாசிரியர் வேறொரு நீண்ட பயணம் போய்விட்டு 1862இல் ஊர் திரும்பிக் கணக்குக் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்கு விற்காமல் அப்படியே கிடந்தது. பங்கு போட்டுக்கொள்ள லாபம்னு ஒண்ணுமே இல்லை.

ஆசிரியர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ். நூல், அமேசான் நதியிலும் ரியோ நீக்ரோவிலும் அவர் செய்த பயணங்களின் விவரணை. இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினோடு சேர்த்து 1858இல் உலகுக்குச் சொன்ன அதே வாலஸ்தான். ஆனால் 1853இல் அவர் முப்பதே வயதான, பதினாலு வயசுல பள்ளிக்கூடத்தை விட்ட, முன்பு நிலம் அளக்கும் வேலை பார்த்த ஓர் ஆள். அவர் புத்தகத்தை யாரும் வரிசையில் நின்று வாங்கவில்லை. இன்று அந்த முதல் பதிப்பு பழைய நூல் சேகரிப்பவர்களுக்குப் பெரிய பொக்கிஷம். அது அரிதானது, குறைவாக அச்சிட்டார்கள், அதையும் யாரும் சீந்தவில்லை என்பதால்தான். அரிய நூல்கள் பலவற்றின் ரகசியம் இதுதான்.

நான் அதைப் படித்தது இணையத்தில் ஏற்றப்பட்ட படங்களாக. பழுப்பேறிய பக்கங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கி. தொடக்கத்திலேயே ஒரு விஷயம் உறுத்தியது. இயற்கையியலாளர் எழுதிய நூல் என்றால் நாம் எதிர்பார்ப்பது குவியல் குவியலாகத் தகவல். இதில் அது சில அத்தியாயங்களில் நிறைய இருக்கிறது, சில இடங்களில் மெலிந்து ஓடுகிறது. டார்வினுக்கும் இதே குறை. தகவல்கள் போதவில்லை, ஏமாற்றமாக இருந்தது என்று ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

தகவல்கள் எங்கே போயின என்பதற்கு நேரடியான பதில் உண்டு. அவை அட்லாண்டிக் கடலின் நடுவில் எரிந்துபோயின.

*

1848 ஏப்ரலில் வாலஸும் அவருடைய நண்பர் ஹென்றி வால்டர் பேட்ஸும் லிவர்பூலில் கப்பலேறினார்கள். ஒருவருக்கு 25 வயது, இன்னொருவருக்கு 23. இருவருக்கும் சொத்துபத்து கிடையாது. லெஸ்டர் நகரத்து நூலகத்தில் ஆரம்பித்த நட்பு, வண்டு பிடிக்கும் பைத்தியம். உயிரினங்கள் எப்படித் தோன்றின என்ற கேள்விக்கு விடை தேடணும் என்பது ஆசை. பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து அனுப்பி, விற்ற காசில் வயிற்றைக் கழுவ வேண்டும் என்பது நடைமுறை. லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் அவர்கள் அனுப்பும் பெட்டிகளை வாங்கி அருங்காட்சியகங்களுக்கும் பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கும் விற்றார்.

இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். காலனிய இயற்கையியலாளர் என்றதும் பல்லக்கும் துப்பாக்கியும் அரசாங்க முத்திரையுமாக ஒரு துரை நம் மனதில் வந்து நிற்பார். பிரேசில் அப்போது ஆங்கிலேயர் வசம் இல்லை. 1822இலேயே விடுதலை பெற்ற தனிப் பேரரசு. வாலஸுக்கு அரசாங்கச் சம்பளமும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு கூலிச் சேகரிப்பாளர். ஆனாலும் அவர் பிடித்த வண்ணத்துப்பூச்சி போய்ச் சேர்ந்த சந்தை லண்டனில்தான் இருந்தது. அதற்குப் பெயர் வைக்கும் உரிமையும் அங்கேதான் இருந்தது. அவர் ஏழையாக இருந்தார், ஆனால் அந்த ஏற்பாட்டின் நல்ல முனையில் இருந்தார்.

1850இல் இருவரும் பிரிந்தார்கள். பேட்ஸ் அமேசானின் மேல்பகுதிக்குப் போனார். வாலஸ் கருநிறத் தண்ணீர் ஓடும் ரியோ நீக்ரோவில் ஏறி, அதன் கிளையான வாவ்பெஸ் நதிக்குள் போனார். அருவி மேல் அருவியாகப் படகைத் தூக்கிக்கொண்டு போன அந்த நதியின் வரைபடத்தைத் திசைகாட்டியை வைத்தே போட்டார். அளவையாளராக இருந்த பழக்கம் கைகொடுத்தது. இதற்கிடையில், அண்ணனுக்கு உதவ வந்த தம்பி ஹெர்பர்ட், இந்த வேலை நமக்கு ஒத்துவராது என்று ஊர் திரும்பப் பாரா துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது மஞ்சள் காய்ச்சலில் இறந்தான். 1851 ஜூன், வயது 22. பக்கத்தில் இருந்தது பேட்ஸ்தான். அண்ணன் அப்போது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் இருந்தார். அதே வருடக் கடைசியில் அவரும் காய்ச்சலில் விழுந்து, எழுந்து உட்காரவே பல வாரம் ஆனது.

1852இல் உடம்பு முடியாமல் இங்கிலாந்து திரும்ப முடிவெடுத்தார். நதியில் இறங்கி வந்தபோது பார்ராவில், அதாவது இன்றைய மனாஸ் நகரத்தில், ஒரு செய்தி காத்திருந்தது. முன்பே ஸ்டீவன்ஸுக்கு அனுப்பச் சொல்லி விட்டுப்போன பெட்டிகள் அனுப்பப்படவே இல்லை. சுங்க அதிகாரிகள் சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆக, ரியோ நீக்ரோவில் சேர்த்த அத்தனையும் ஒரே கப்பலில் ஏறின. கூடவே உயிருள்ள பிராணிகளும். நூறு பிராணிகளை வாங்கியும் பரிசாகப் பெற்றும் வளர்த்ததில் பார்ராவைவிட்டுக் கிளம்பும்போது மிஞ்சியவை 34: ஐந்து குரங்குகள், இரண்டு பஞ்சவர்ணக் கிளிகள், இருபது கிளிகள், மிச்சம் மற்ற பறவைகள்.

ஜூலை 12 அன்று பாராவிலிருந்து புறப்பட்ட கப்பலின் பெயர் ஹெலன். சரக்கு ரப்பர், கோகோ, துடைப்பத்துக்கான பனைநார், கூடவே கோபாய்பா என்ற மரப்பிசின் எண்ணெய். இந்த எண்ணெய்ப் பீப்பாய்களை ஈரமணலில் புதைத்து ஏற்றுவது வழக்கம். அசைந்து உரசினால் சூடேறித் தீப்பிடிக்கும் சரக்கு அது. அந்தத் தடவை சில பீப்பாய்களை மணலுக்குப் பதில் நெல் உமியில் வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 6, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்பல் தலைவர் வந்து, கப்பலில் தீப்பிடித்திருக்கிறது என நினைக்கிறேன், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்த வாலஸ் புகை நிறைந்த அறைக்குள் போய், கைக்குக் கிடைத்த ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். அதில் கொஞ்சம் சட்டை, மீன்களையும் பனைமரங்களையும் வரைந்த படங்கள். கயிற்றைப் பிடித்துப் படகில் இறங்கும்போது உள்ளங்கை உரிந்துபோனது. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்து இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டே, இரவு முழுக்கக் கப்பல் எரிவதைப் பார்த்தார்கள். குரங்குகளும் கிளிகளும் தீக்குப் பயந்து கப்பலின் முன்பக்கம் போய் ஒடுங்கின. படகுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. கயிறு எரிந்து தண்ணீரில் விழுந்த ஒரு கிளியை மட்டும் காப்பாற்றினார்கள்.

பத்து நாள் திறந்த படகில். பிறகு கியூபாவிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த ஜோர்டிசன் என்ற கிழட்டுக் கப்பல் ஏற்றிக்கொண்டது. அதுவும் புயலில் மாட்டி, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடாகி, ஒருவழியாக அக்டோபர் 1இல் கரை சேர்ந்தது. ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு சரக்கை 200 பவுனுக்குக் காப்பீடு செய்து வைத்திருந்தார். வாலஸ் தன் இழப்பை மதிப்பிட்டது 500 பவுன். பணத்தை விடுங்கள். மிருகங்களின் பழக்கவழக்கம் பற்றிய குறிப்புகள், பூச்சிகளின் உருமாற்றப் படங்கள், நாட்குறிப்புகளில் பெரும்பகுதி, எல்லாம் போச்சு.

*

இந்த நிலையில் எழுதின புத்தகம் அது. கையில் இருந்தது வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், தப்பிய கொஞ்சம் குறிப்பு, மிச்சத்துக்கு ஞாபகம். டார்வினுக்குக் குறையாகத் தெரிந்த இடங்களை நான் வேறு மாதிரிப் படிக்கத் தொடங்கியது இங்கேதான். குறிப்பேடு எரிந்துபோனவன் எதை ஞாபகம் வைத்திருக்கிறான்? மனிதர்களை.

உதாரணத்துக்கு லூயிஸ். பாராவில் பறவை வேட்டைக்காக வாலஸ் அமர்த்திக்கொண்ட கறுப்பினத்தவர். காங்கோவில் பிறந்தவர், சிறு வயதில் அடிமையாக ரியோ நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். அங்கே அவரை விலைக்கு வாங்கியவர் யோஹான் நாட்டரர் என்ற ஆஸ்திரிய இயற்கையியலாளர். நாட்டரர் 1817 முதல் 1835 வரை, பதினெட்டு வருடம் பிரேசில் முழுக்கச் சுற்றிப் பறவைகளைச் சேகரித்தார். துப்பாக்கியோடு கூடவே போனவர் லூயிஸ். கடைசியில் நாட்டரர் அவருக்கு விடுதலை கொடுத்தார். லூயிஸ் பணம் சேர்த்து, கொஞ்சம் நிலமும், இரண்டு அடிமைகளும் வாங்கினார். ஆமாம், அடிமைகள். வாலஸ் இதைச் சிக்கனத்துக்கு உதாரணமாகப் பாராட்டித்தான் எழுதுகிறார். அந்த வரியில் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

நாட்டரர் 1843இல் வியன்னாவில் இறந்தார். பதினெட்டு வருட அனுபவத்தை அவர் நூலாக எழுதவே இல்லை. எழுதாத நூலுக்கு ஆதாரமான நாட்குறிப்புகள் வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையில் இருந்தன. 1848 அக்டோபரில் புரட்சியை அடக்கப் படை வந்தபோது அரண்மனையில் தீப்பிடித்தது. நாட்குறிப்புகள் சாம்பலாயின. அதே 1848இல்தான் வாலஸ் பாராவில் இறங்கினார். வியன்னாவில் தாள்கள் எரிந்தன. அந்தத் தாள்களில் இருந்ததில் ஒரு பகுதியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு லூயிஸ் அமேசான் காட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார். எந்தப் பறவை எந்த மரத்துக்கு எந்த நேரம் வரும் என்று தெரிந்த மனிதர், வாலஸுக்குக் கூலிக்குப் பறவை சுட்டுக் கொடுத்தார்.

இன்னொரு உதாரணம் இதைவிட முக்கியமானது. கரை சேர்ந்து மூன்று மாதம் முடிவதற்குள், 1852 டிசம்பர் 14 அன்று லண்டன் விலங்கியல் சங்கத்தில் வாலஸ் ஒரு கட்டுரை வாசித்தார். அமேசான் பகுதிக் குரங்குகளைப் பற்றியது. தான் பார்த்த 21 வகைக் குரங்குகளைச் சொல்லிவிட்டு ஒரு புகாரை வைக்கிறார்: அருங்காட்சியகப் பெட்டிகளில் ‘பிரேசில்’, ‘தென் அமெரிக்கா’ என்று பொத்தாம்பொதுவாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள், நதியின் எந்தக் கரையில் பிடித்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை. ஆனால் அதுதான் விஷயமே. அமேசான், ரியோ நீக்ரோ, மதேரா ஆகிய பெரிய நதிகள் சில குரங்கு இனங்களுக்கு எல்லைக்கோடு. இந்தக் கரையில் இருப்பது அந்தக் கரையில் இருக்காது. நதியின் தோற்றுவாய் நோக்கிப் போனால் நதி குறுகி, எல்லையும் மங்கிவிடும்.

இன்றும் உயிரியலில் இதற்குத் தனிப் பெயர் உண்டு. நதித்தடைக் கருதுகோள் என்கிறார்கள், தொடக்கமாக வாலஸைச் சொல்கிறார்கள். உயிரினங்கள் எங்கே வாழ்கின்றன என்ற கேள்வி, அவை எப்படித் தோன்றின என்ற கேள்விக்கு வாசலாக மாறிய இடம் இது. அந்த வாசல் வழியாகத்தான் அவர் பிற்பாடு மலாய்த் தீவுகளுக்குப் போய் இயற்கைத் தேர்வை வந்தடைந்தார்.

சரி, நதி எல்லை என்பதை அவர் எப்படித் தெரிந்துகொண்டார்? கட்டுரையிலேயே சொல்கிறார். உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குறிப்பிட்ட ஒரு குரங்கு வேண்டுமென்றால் அவர்கள் நதியைக் கடந்து அக்கரைக்குப் போய்விடுவார்கள், இக்கரையில் தேடவே மாட்டார்கள்.

அந்த வாக்கியத்தில் வேட்டைக்காரர்களுக்குப் பெயர் இல்லை. ஒரு பெரிய அறிவியல் கருத்தின் முதல் படியில், யாரோ சில பேர் தினசரி சோற்றுக்கான வேலையாகப் படகேறி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாலஸ் திருடினார் என்று நான் சொல்ல வரவில்லை. யார் சொன்னார்கள் என்று அவர் மறைக்கவில்லை. அன்றைய வழக்கத்துக்கு அதுவே அதிகம். வேட்டைக்காரருக்கு அது ஒரு காட்டைப் பற்றிய விவரம். வாலஸ் அதை எல்லா உயிர்களையும் பற்றிய கேள்வியாக மாற்றினார். அதுவும் ஒரு பெரிய வேலைதான். ஆனால் கடன் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே.

*

புத்தகத்தில் இன்னும் கசப்பான பக்கங்களும் உண்டு. வாவ்பெஸ் நதியில் வணிகர்களோடு போனபோது பார்த்ததை எழுதுகிறார். பார்ராவிலும் பாராவிலும் இருக்கும் வணிகர்களும் அதிகாரிகளும், வீட்டு வேலைக்கு ஒரு பையனோ பொண்ணோ வேணும் என்று கேட்டு அனுப்புவார்கள். நதிக்கரை இனத்தார் உள்காட்டு இனத்தார்மேல் பாய்ந்து பிள்ளைகளைப் பிடித்து வந்து விற்பார்கள். வாலஸ் இதை வெளிப்படையாக எழுதுகிறார். அடுத்த மூச்சிலேயே, விற்கலாம் என்ற ஆசை இருப்பதால் சண்டையில் கொல்லாமல் விடுகிறார்கள், பிள்ளைகளும் கொஞ்சம் நாகரிகம் பெறுகிறார்கள் என்று சமாதானமும் சொல்கிறார்.

இதே மனிதர்தான், பாராவுக்குப் பக்கத்துத் தீவில் நல்லபடியாக நடத்தப்படும் அடிமைகளைப் பார்த்துவிட்டு, வயிறு நிறைந்தாலும் ஒரு மனிதனை வாழ்நாள் முழுக்கக் குழந்தையாகவே வைத்திருப்பது சரியா என்று கேட்டவர். இதே மனிதர்தான், வெனிசுவேலா எல்லைக்குள் யாவிட்டா என்ற கிராமத்தில் தனியாகத் தங்கியிருந்தபோது ஒரு நீண்ட கவிதை எழுதி, இங்கிலாந்தில் பணத்தைத் துரத்துவதைவிட இங்கே ஒரு இந்தியனாக வாழ்ந்து, பிள்ளைகளைக் காட்டிலே வளர்ப்பது மேல் என்று பாடியவர். அந்தக் கவிதையும் அதே முதல் பதிப்பில் இருக்கிறது. இரண்டு வாலஸ்களும் ஒரே அட்டைக்குள்தான் இருக்கிறார்கள். ஒருவரைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொருவரை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. அப்படிச் செய்யவும் கூடாது.

அதே 1853இல் தகரப்பெட்டியில் தப்பிய பனைப் படங்களை வைத்து இன்னொரு சின்ன நூலையும் வாலஸ் போட்டார். சொந்தக் காசு, 250 பிரதிகள். போட்ட பணம் திரும்பினதே பெரிசு. தாவரவியலாளர்கள் அதை மதிக்கவில்லை. வரவேற்பறை மேசையில் வைக்கத்தான் லாயக்கு என்கிற மாதிரி ஒரு மதிப்புரை வந்தது. எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் தனிப் பிரியம். ஒவ்வொரு பனைக்கும் அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர், அதைக்கொண்டு என்னென்ன செய்கிறார்கள் என்ற பட்டியல். கூரை, தூளி, ஊதுகுழல், கூடை, குடிக்கிற பானம். பனையை அடி முதல் நுனி வரை பயன்படுத்திய ஊர்களிலிருந்து வரும் நமக்கு அந்தப் பட்டியலைப் படித்தால் வெளிநாட்டுச் சங்கதி மாதிரியே தோன்றாது. ஹெலன் கப்பலில் துடைப்பத்துக்கென்று ஏற்றினார்களே அந்த நார், அதைத் தரும் பனைக்கு அறிவியல் பெயர் வைத்ததும் வாலஸ்தான். பெயரின் பின்பாதியில் ‘பியாசபா’ என்று உள்ளூர்ப் பெயரையே வைத்தார்.

பயண நூலின் முதல் பதிப்புக் கடைசியில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. ஆற்றோர மக்கள் பேசிய மொழிகளின் சொற்பட்டியல். அதோடு மொழியறிஞர் லேத்தமின் குறிப்புகள். துக்கானோ, தரியானா, பனிவா, பாரே என்று மொழிகள் வரிசையாக நிற்கின்றன. நதி நெடுகப் பொதுமொழியாக வழங்கிய ‘லிங்குவா ஜெரால்’ மொழியும் உண்டு. வாலஸ் காட்டில் தட்டுத் தடுமாறிப் பேசக் கற்றுக்கொண்ட மொழி அது. பெரும்பாலான வாசகர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கதை முடிஞ்சாச்சு, அப்புறம் என்ன? எனக்கோ, மொத்தப் புத்தகத்திலும் அந்த ஊர் மனிதர்களின் வாயிலிருந்து நேராக வந்தவை அந்தச் சொற்கள்தான் என்று பட்டது. வாலஸின் கருத்து அங்கே குறுக்கே நிற்கவில்லை. அவர் காதால் கேட்டு எழுதியதில் பிசகு இருக்கலாம். ஆனால் ஒருவர் சொல்ல, ஒருவர் எழுதினார்.

அந்த மொழிகளில் தரியானாவைப் பேசுபவர்கள் இன்று மிகச் சிலர். ஆனால் எல்லாம் அப்படி முடிந்துவிடவில்லை. வாலஸ் அருவி ஏறிப் போன மேல் ரியோ நீக்ரோவில் சான் கப்ரியேல் த கஷோய்ரா என்ற நகராட்சி இருக்கிறது. 2002இல் அது போர்த்துகீசிய மொழியோடு துக்கானோ, பனிவா, நியெங்காத்து ஆகிய மூன்றையும் அலுவல் மொழிகளாக அறிவித்தது. நியெங்காத்து என்பது வேறொன்றுமில்லை, அந்தப் பழைய லிங்குவா ஜெரால்தான். தகரப்பெட்டியில் தப்பிய மீன் படங்கள், இருநூற்றுக்கும் மேற்பட்டவை, லண்டன் அருங்காட்சியகத்தில் பல காலம் கிடந்துவிட்டு முழுத் தொகுப்பாகப் பிரேசிலில் அச்சானதும் அதே 2002இல்தான்.

முதல் பதிப்பின் ஒரு பிரதி ஏதோ ஓர் ஏலத்தில் இன்னும் விலை ஏறும். ஏறட்டும். அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கிற சில சொற்களை, நகராட்சி அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கப் போகும் பெண்மணி இன்று சாதாரணமாகப் பேசிவிட்டு வருகிறார்.